விடியற்காலை மூன்று மணிக்கு உதறும் கை

கேள்வி: தென்மாவட்டம் ஒன்றில் தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வயது 36. ஜெனரல் வார்டில் பன்னிரண்டு வருட சர்வீஸ். இரண்டாவது குழந்தைக்கு எட்டு மாதம். பிரசவ லீவு முடிந்து டூட்டிக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் ராத்திரியில் மரத்துப்போகின்றன. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து கையை உதறினால்தான் சரியாகிறது. பகலில் கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் சுருக்கென்று வலி: ஆம்ப்யூல் (ஊசி மருந்து அடைத்த மெல்லிய கண்ணாடிக் குழல்) உடைக்கும்போது, குழந்தையைத் தூக்கும்போது. போன வாரம் கையிலிருந்து ஒரு வயல் (ஊசி மருந்துக் குப்பி) நழுவி உடைந்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே நார்மல் என்று சொல்லி வலி மாத்திரையும் பி காம்ப்ளெக்ஸும் கொடுத்தார். கூட வேலை பார்ப்பவர் சொன்னதால் ரப்பர் பந்தை அமுக்கிப் பழகுகிறேன், வலி கூடுகிறது. முடிந்த வேலையை எல்லாம் இடது கைக்கு மாற்றிவிட்டேன். அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறார். இன்சார்ஜிடம் சொல்லப் பயமாக இருக்கிறது. இது வேலையால் வந்ததா? ஆபரேஷன் வரை போகுமா? வேலையை விட வேண்டியிருக்குமா? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

முதலில் அந்தப் பந்தைக் கீழே வையுங்கள். மற்றதைப் பொறுமையாகப் பேசலாம், இன்றைக்கே நிறுத்த வேண்டியது அதுதான். கை வலி என்றாலே பலம் போதவில்லை என்று நினைத்து யாராவது ஒரு பந்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஓய்வில்லாமல் இறுக்கிப் பிடித்துப் பிடித்துத்தான் உங்கள் கைக்கு இந்த நிலை வந்திருக்கிறது. ஷிஃப்ட் முழுக்க அதைச் செய்துவிட்டு வந்த கையை வீட்டிலும் இறுக்கச் சொன்னால் வலி கூடத்தான் செய்யும். நன்றாகத் தேறிய பிறகு பலப்படுத்தும் பயிற்சிக்கு ஒரு நேரம் வரும். அது இப்போது இல்லை.

நான் கை சிகிச்சையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். கையைத் தொட்டுப் பார்க்காமல் முடிவாக எதுவும் சொல்லக் கூடாது. ஆனாலும் நீங்கள் நர்ஸ் என்பதால் எந்த விரல், எந்த நேரம், எதனால் கூடுகிறது என்று கேஸ் ஷீட் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துப் பார்த்தால் உங்கள் மணிக்கட்டில் இரண்டு தொல்லைகள் இருப்பதாகத் தெரிகிறது. ஒன்று நரம்பு, இன்னொன்று தசைநார். இரண்டும் அருகருகே இருப்பதால் ஒரே வலி என்று எண்ணியிருப்பீர்கள். இவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால் வைத்தியம் ஒழுங்காக அமையாது.

ராத்திரி மரத்துப்போவது நரம்பு. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் சேர்ந்து ஒரு பள்ளமாக அமைந்திருக்கின்றன. அந்தப் பள்ளத்தின் மேல் உள்ளங்கைப் பக்கமாக ஒரு தடித்த பட்டை கூரை போலக் கிடக்கிறது. இந்தக் குறுகலான வழியில் விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநார்களும், கூடவே மீடியன் நரம்பும் போகின்றன. தசைநார்களின் உறை தடித்தாலோ உடம்பில் நீர் கோத்தாலோ உள்ளே நெரிசல் கூடும். எலும்பும் நகராது, கூரையும் விரியாது. நசுங்குவது நரம்புதான். இதுதான் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம். நர்சிங் படிக்கும்போது இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள்.

சுண்டுவிரலைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இன்று ராத்திரி மரக்கும்போது கவனியுங்கள். மீடியன் நரம்பு கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், அப்புறம் மோதிர விரலில் பாதி, அவ்வளவுக்குத்தான் உணர்ச்சி தருகிறது. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பக்கம் மரத்து, சுண்டுவிரலை ஒட்டிய பக்கம் நன்றாக இருந்தால் நான் சொன்னது ஏறக்குறைய உறுதி. ஐந்து விரலும் மரத்தாலோ, கழுத்திலிருந்து தோள் வழியாக வலி இறங்கினாலோ டாக்டரிடம் கழுத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ராத்திரியில் ஏன் என்றால், தூக்கத்தில் நாம் எல்லோருமே மணிக்கட்டை மடித்துத் தலையணைக்கு அடியிலோ கன்னத்துக்கு அடியிலோ வைத்துக்கொள்கிறோம். மடங்கிய மணிக்கட்டில் அந்த வழி இன்னும் நெரியும். போதாததற்கு, பால் குடிக்கிற குழந்தையின் தலையை ஏந்திக்கொண்டு அப்படியே கண்ணயர்ந்துவிடுகிறீர்கள். எழுந்து உதறினால் தேவலை என்று சொல்வதே இந்த நோய்க்கு ஓர் அடையாளம். என்ன செய்கிறது என்று கேட்டால், நோயாளி பதில் சொல்வதற்கு முன் தெர்மாமீட்டரை உதறுவது போலக் கையை உதறிக் காட்டுவார்.

பகலில் சுருக்கென்று குத்துவது தசைநார். கட்டைவிரலை விரிக்கவும் உயர்த்தவும் உதவுகிற இரண்டு தசைநார்கள், மணிக்கட்டின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் மேல் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்துவிட்டால் ஒவ்வொரு அசைவிலும் உரசும். ஸ்விட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃப்ரிட்ஸ் டி குவர்வெய்ன் 1895-இல் இதை விவரித்து எழுதியதால் அவர் பெயராலேயே வழங்குகிறது. கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாயுங்கள். அந்த எலும்பு மேட்டில் உயிர் போகிற வலி எடுத்தால் அதுதான். ஒரு முறை பார்த்தால் போதும், அடிக்கடி செய்து பார்க்க வேண்டாம். பச்சைக் குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு இது நிறைய வருகிறது. அக்குளில் கை கொடுத்து, கட்டைவிரலை விரித்துக் குழந்தையைத் தூக்குகிறோம் பாருங்கள், அந்தப் பிடிதான் இந்தத் தசைநார்களைக் கொல்கிறது.

எக்ஸ்ரேயில் நரம்பும் தெரியாது, தசைநாரும் தெரியாது. எலும்பில் குறை இல்லை என்பதுதான் அந்த நார்மலுக்கு அர்த்தம். உங்களுக்கு ஒன்றுமில்லை என்று யாரும் அதை வைத்துச் சொல்ல முடியாது, நீங்களும் அப்படி உங்களைச் சமாதானப்படுத்திக்கொள்ள வேண்டாம்.

வேலையால் வந்ததா என்று கேட்கிறீர்கள். பிரசவத்தில் கோத்த நீருக்கும், குழந்தையைத் தூக்குவதற்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பன்னிரண்டு வருட வார்டு வேலையை விட்டுவிட்டு இந்தக் கையைப் பற்றிப் பேசவே முடியாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்தி வெளியிட்ட தொழில்சார் நோய்ப் பட்டியலில் இந்த இரண்டுமே இருக்கின்றன. பலம் கொடுத்துத் திரும்பத் திரும்பச் செய்கிற வேலையும், மணிக்கட்டு மடங்கிய நிலையும் காரணம் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. பலம், திரும்பத் திரும்ப, மடங்கிய மணிக்கட்டு: இந்த மூன்றும் ஒன்று சேர்கிற இடம்தான் கையைக் கெடுக்கிறது.

நைட் டூட்டியில் காலை ஆறு மணி டோஸை நினைத்துப் பாருங்கள். கண் எரிகிறது, ஹேண்ட் ஓவருக்குள் முடிக்க வேண்டும். டிரேயில் ஆன்டிபயாடிக் வயல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு மூடியையும் கட்டைவிரல் நகத்தால் நெம்புகிறீர்கள். தண்ணீரை உள்ளே செலுத்தக் கட்டைவிரலால் சிரிஞ்சின் தண்டை, அதாவது பிளஞ்சரை, அழுத்துகிறீர்கள். பிப்பெராசிலின் டாசோபாக்டம் வயல் என்றால் பொடி லேசில் கரையாது. மணிக்கட்டை முன்னும் பின்னும் மடக்கிக் குலுக்கோ குலுக்கென்று குலுக்குகிறீர்கள். பிறகு வயலைத் தலைகீழாகப் பிடித்து மருந்தை இழுக்கிறீர்கள். உள்ளே காற்று இல்லாததால் பிளஞ்சர் உங்கள் விரலை எதிர்த்துப் பின்னுக்கு இழுக்கிறது. ஒரு வயலுக்கு இது ஒரு பெரிய பாரமே இல்லை. ஆனால் ஒரு வார்டுக்கு, ஒரு நாளில் மூன்று வேளைக்கு, பன்னிரண்டு வருடத்துக்கு என்று கூட்டிப் பாருங்கள். விரல் நுனியில் நாம் கொடுக்கிற பிடி கட்டைவிரலின் அடி மூட்டில் பல மடங்காக இறங்குகிறது. மூட்டை தூக்குகிறவரின் உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. சிரிஞ்ச் பிடிக்கிற கையின் உழைப்பு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை, பல சமயம் நர்ஸுக்கே தெரிவதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. என்னிடம் வருகிற சிஸ்டர்களில் முக்கால்வாசிப் பேர் வேலையைக் குறை சொல்லாமல் தங்கள் உடம்பைத்தான் குறை சொல்கிறார்கள்.

இதே டோஸை வேறு மாதிரி செய்யலாம். முதலில் எல்லா வயலுக்கும் வரிசையாகத் தண்ணீரை விட்டுவிடுங்கள். லேபிளைச் சரிபார்த்து ஒரு முறை மெல்லச் சுழற்றி வைத்துவிட்டு, ஆம்ப்யூல் மருந்துகளைத் தயார் செய்யுங்கள். திரும்பி வரும்போது பாதிப் பொடி தானாகக் கரைந்திருக்கும். மிச்சத்துக்கு வயலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, மத்து கடைவது போல உருட்டினால் போதும், மணிக்கட்டு மடங்காது. மருந்தை எடுப்பதற்கு முன் அதே அளவு காற்றை உள்ளே செலுத்த வேண்டும் என்று முதலாம் ஆண்டிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிற படி அது. அந்தக் காற்று உள்ளே போய்விட்டால் பிளஞ்சர் உங்களோடு மல்லுக்கு நிற்காது. மருந்தை எடுப்பதற்குத் தடித்த 18 கேஜ் ஊசியைப் பயன்படுத்திவிட்டு, போடுவதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஊசியின் துளை பாதியாகச் சுருங்கினால் அதன் வழியாகப் போகும் மருந்துக்குத் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, பதினாறு மடங்கு ஆகிறது. மெல்லிய ஊசி வழியாக இழுக்கும்போது அந்தத் தடையை வெல்வது உங்கள் கட்டைவிரல்தான்.

ஆம்ப்யூலுக்கு வருவோம். கழுத்தில் புள்ளி வைத்த ஆம்ப்யூல் என்றால் புள்ளி உங்களைப் பார்த்து இருக்கட்டும். காஸ் துணி சுற்றி, கட்டைவிரலைப் புள்ளியின் மேல் வைத்து, தலையை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாயுங்கள். பக்கவாட்டில் திருகி உடைத்தால் கண்ணாடியும் கையைக் கிழிக்கும், மணிக்கட்டும் கெடும். ஆம்ப்யூல் உடைக்க பிளாஸ்டிக்கில் ஒரு சின்னக் கருவி கிடைக்கிறது, விலையும் பெரிதில்லை. வார்டு ஸ்டாக்கில் கேளுங்கள், கிடைக்காவிட்டால் சொந்தமாக ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனை வாங்கித் தர வேண்டிய பொருளை உங்களை வாங்கச் சொல்ல மனசு வரவில்லை. ஆனால் இப்போதைக்குக் கை முக்கியம்.

மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபில் கொடுக்கிற ஃபீடை 50 மி.லி. சிரிஞ்சில் கட்டைவிரலால் தள்ளுவதை விட்டுவிடுங்கள். சிரிஞ்ச் பெரிதாக ஆக, அதே அழுத்தத்துக்குக் கட்டைவிரல் இன்னும் கூடுதலாகத் தள்ள வேண்டும். பிளஞ்சரை எடுத்துவிட்டு, சிரிஞ்சை உயர்த்திப் பிடித்துத் தானாக இறங்க விடுவதுதான் நோயாளிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. பிபி பார்க்க அமுக்குகிற பல்பை ஒரு நோயாளிக்கு வலது கை, அடுத்தவருக்கு இடது கை என்று மாற்றுங்கள். ஸ்பாஞ்ச் பாத் துணியைத் திருகிப் பிழியாமல் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அமுக்குங்கள். 6½ சைஸ் கை உள்ளவருக்கு 7½ கையுறையைக் கொடுத்தால், பொருள் நழுவாமல் இருக்கக் கை தன்னை அறியாமல் இறுக்கிப் பிடிக்கும். சின்னதைக் கொடுத்தாலோ ஒவ்வொரு அசைவிலும் ரப்பரோடு போராட வேண்டும். உங்கள் சைஸைக் கேட்டு வாங்குங்கள். நோயாளியை மேலே ஏற்றிப் படுக்கவைக்கும்போது தனியாகப் போர்வையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஆள் வரும் வரை காத்திருங்கள். கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, உள்ளங்கை மேல் பார்க்கப் போர்வையைச் சுருட்டிப் பிடித்து, உடம்பின் எடையைச் சாய்த்து நகர்த்துங்கள். நோயாளியை வெறும் கையால் தூக்குவதற்கு அமெரிக்காவில் 2007-இல் பரிந்துரைத்த வரம்பே 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோதான். நம் வார்டுகளில் 70 கிலோ ஆளை இரண்டு சிஸ்டர்கள் நகர்த்துவது தினசரி நடக்கிறது.

சரி, வைத்தியம். முதல் மருந்து ஒரு ஸ்ப்ளின்ட், அதாவது மணிக்கட்டை மடங்காமல் தாங்குகிற உறை. கிரேப் பேண்டேஜ் பயன்படாது. சுற்றியிருக்கும்போதே மணிக்கட்டு மடங்கிவிடும். மெடிக்கல் ஷாப்பில் உள்ளே உலோகப் பட்டை வைத்த ரிஸ்ட் ஸ்ப்ளின்ட் கிடைக்கும். கட்டைவிரலையும் சேர்த்துத் தாங்குகிற மாதிரியாகப் பார்த்து வாங்கினால் இரண்டு தொல்லைக்கும் ஒன்றே போதும். கட்டைவிரல் நுனி மட்டும் மடங்க இடம் இருக்க வேண்டும். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கடையில் கிடைக்கும் பல ஸ்ப்ளின்டுகளில் அந்தப் பட்டை பின்பக்கமாக வளைந்திருக்கும். அப்படியே போட்டால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கியிருக்கும், நரம்புக்கு அதுவும் நெரிசல்தான். பட்டையை வெளியே உருவி, மேசை மேல் வைத்து நேராக்கி, திரும்பச் செருகுங்கள். கை, சும்மா தொங்கவிட்டது போல நேர்கோட்டில் இருக்க வேண்டும். தினமும் ராத்திரி, நைட் டூட்டி வந்தால் பகல் தூக்கத்தில், விடாமல் ஆறு வாரம் போடுங்கள். முதல் வாரத்திலேயே தூக்கம் சீராகிவிட்டது என்று கழற்றிப் போட்டுவிடுவது பலர் செய்கிற தப்பு.

வார்டில் போடலாமா என்றால், கூடாது. கை வலிக்கு என்று வருகிற பொதுவான அறிவுரைகளில் இந்த இடம்தான் விட்டுப்போகிறது. கம்ப்யூட்டர் வேலை செய்பவர் நாள் முழுக்க ஸ்ப்ளின்ட் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டிய நீங்கள், துணி சுற்றிய மணிக்கட்டோடு கழுவ முடியாது, கிருமியை ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குக் கொண்டுபோவீர்கள். அதனால் ஸ்ப்ளின்ட் வீட்டில். வார்டில் கையைக் காப்பது மேலே சொன்ன வேலை முறைதான். அதனால்தான் அதை அவ்வளவு நீளமாக எழுதினேன்.

இந்த வாரமே சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். இரண்டுமே இந்த நரம்பு நெரிசலுக்குக் காரணமாவது உண்டு, பிரசவத்துக்குப் பின் தைராய்டு மாறுவதும் உண்டு. நெர்வ் கண்டக்ஷன் டெஸ்ட் எழுதித் தரச் சொல்லுங்கள். கொஞ்சம் சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். நரம்பு எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று அதில் தெரியும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை நரம்பின் மேல் இருக்கும் அழுத்தத்தை எடுக்காது. உடம்பில் பி12 குறைவாக இருந்தால் ஒழிய அதை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். வலி மாத்திரையை நீங்களாக நீட்டிக்காதீர்கள். எந்த மருந்து எழுதினாலும் பால் கொடுக்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

ஆறு வாரத்தில் பாதியாவது குறைய வேண்டும். குறையாவிட்டால் அடுத்தது ஸ்டீராய்டு ஊசி. அந்தப் பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், உடம்பு முழுக்கப் போகிற மாத்திரை மாதிரி கிடையாது, அந்த இடத்தில் போடுகிற சிறு அளவுதான். டி குவர்வெய்ன் வலிக்குப் பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். கார்ப்பல் டனலுக்கும் நிவாரணம் தரும், ஆனால் சில மாதங்களில் திரும்ப வரலாம்.

ஆபரேஷனைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். மரத்துப்போவது விட்டு விட்டு வருகிற வரை நமக்கு நேரம் இருக்கிறது. பகலிலும் விடாமல் மரத்தே இருந்தால், அல்லது உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதைமேடு இடது கையைவிடத் தட்டையாகத் தெரிந்தால், ஸ்ப்ளின்டை வைத்துக்கொண்டு நாள் கடத்தக் கூடாது. அந்தச் சதையை இயக்குகிற நரம்பு சாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கரைந்த சதை முழுதாகத் திரும்புவது அரிது. வயல் நழுவியது என்று எழுதியது எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. இன்றே இரண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பாருங்கள். அறுவை பெரியது அல்ல. கை மட்டும் மரக்க ஊசி போட்டு, அந்தக் கூரைப் பட்டையை வெட்டிவிடுவார்கள். அன்றே வீட்டுக்குப் போகலாம். ராத்திரி மரத்துப்போவது பலருக்கு முதல் சில நாளிலேயே நிற்கிறது. ஆனால் உள்ளங்கையை ஊன்றினால் வலி சில வாரங்கள் இருக்கும், பிடி பழைய பலத்துக்கு வர மூன்று மாதம் போல ஆகும். லேசான வேலைக்கு இரண்டு மூன்று வாரத்தில் திரும்பலாம். நோயாளியைத் தூக்கிப் புரட்டுகிற வேலைக்கு ஆறு வாரமாவது வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே இது நடக்கிறது. சென்னை ஸ்டான்லியில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது.

இடது கைக்கு மாற்றிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றி ஒரு பழைய கதை. இத்தாலியில் மோதெனா என்ற ஊரில் பெர்னார்தினோ ராமத்சினி என்று ஒரு மருத்துவர் இருந்தார். நோயாளியிடம் என்ன வேலை செய்கிறாய் என்று கட்டாயம் கேட்க வேண்டும் என்று 1700-இலேயே எழுதியவர். உங்கள் எலும்பு டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. நாள் முழுக்க எழுதியே வலது கை செயலிழந்துபோன ஒரு பத்திர எழுத்தரைப் பற்றி ராமத்சினி குறித்திருக்கிறார். அந்த மனிதர் விடாமுயற்சியாக இடது கையால் எழுதப் பழகினார். கொஞ்ச நாளில் இடது கையும் அதே கதிக்கு வந்தது. பிபி பல்பை மாற்றி மாற்றி அமுக்குவது சுமையைப் பகிர்வது. வலது கையின் வேலை மொத்தத்தையும் பழக்கமில்லாத இடது கையில் கொட்டுவது அடுத்த நோயாளியைத் தயார் செய்வது. கார்ப்பல் டனல் பலருக்கு இரண்டு கையிலும் வருகிற நோய் வேறு. வேலையைக் குறைக்க வேண்டியதுதான், இடம் மாற்றினால் தீராது.

குறைப்பதென்றால் இன்சார்ஜிடம் பேசாமல் முடியாது. சொன்னால் வேலைக்கு லாயக்கில்லை என்று முத்திரை விழும் என்ற பயம் நியாயமானதுதான், அப்படி நடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். தேதி போட்டு, எந்த விரல், எந்த வேலையில் வலி, டாக்டர் சீட்டு நகல், இவ்வளவு போதும். புலம்பல் வேண்டாம், கேட்பது தெளிவாக இருக்கட்டும்: ஆறு வாரத்துக்கு மருந்து கலக்கும் வேலையை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்வது, நோயாளியைப் புரட்டத் தனியாக அனுப்பாமல் இருப்பது, முடிந்தால் ஓபியிலோ வேறு பிரிவிலோ போடுவது. நழுவி உடைந்த வயலையும் அதில் எழுதுங்கள். மறைத்து வைத்தால், நாளைக்கு ரத்தக் குழாயில் ஒரு கேன்யூலா போடும்போது கை நழுவி ஊசி குத்திக்கொண்டால் பாதிக்கப்படுவது நீங்களும் நோயாளியும். நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் உங்களுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். பிடித்தால் வைத்தியம் அங்கே இலவசம். மருத்துவச் சான்றோடு எடுக்கிற விடுப்புக்கு, வருடத்தில் 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்கு முந்தைய ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். பிரசவ லீவு இடையில் வந்திருப்பதால் உங்கள் கணக்கைக் கிளை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். நம் சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையில் மணிக்கட்டுத் தொல்லைகளுக்கு இடம் இல்லை என்பது பெரிய குறை. நர்ஸுகளின் சங்கங்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். பயிற்சி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற இடத்தில் ஐந்துக்கு ஒருவர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் அளவு சொல்கிறது. உங்கள் வார்டில் ராத்திரி எத்தனை பேருக்கு நீங்கள் ஒருவர்? நான் சொன்ன முறை எல்லாம் ஓரளவுதான் தாங்கும். ஐந்து பேருக்குக் கலக்க வேண்டிய மருந்தை இருபது பேருக்குக் கலக்கிற கைக்கு எந்த ஸ்ப்ளின்டும் நிரந்தரத் தீர்வாகாது.

வேலையை விட வேண்டியிருக்குமா? இந்தக் கட்டத்தில் வந்து சொல்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் திரும்ப வார்டுக்குத்தான் போகிறார்கள். பிரசவத்தை ஒட்டி வருகிறது தானாகவே தணிவதும் உண்டு. அதனால் ராஜினாமாவை எல்லாம் இப்போது நினைக்காதீர்கள்.

வீட்டில் குழந்தையை அக்குளில் பிடித்துத் தூக்காமல், ஒரு கை பிட்டத்துக்கு அடியில், ஒரு கை முதுகில், உள்ளங்கை மேல் பார்க்க அள்ளித் தூக்குங்கள். பால் கொடுக்கும்போது மடியில் தலையணை வைத்து, குழந்தையின் எடை அதில் இறங்கட்டும். துணி பிழிவது, கிரைண்டர் கல்லைத் தூக்குவது, தேங்காய் துருவுவது மூன்றையும் ஆறு வாரத்துக்கு வீட்டில் வேறு யாராவது செய்யட்டும்; வீட்டுக்காரர் செய்யலாம். படுத்துக்கொண்டு கட்டைவிரலால் போன் தள்ளுவதும் வேண்டாம். வலி தணிந்த பிறகு தினம் நாலைந்து தடவை விரல்களை நேராக நீட்டி, கொக்கி போல மடக்கி, மெல்ல முஷ்டியாக்கி, திரும்ப நீட்டுங்கள். இறுக்கக் கூடாது, தசைநார் வழுக்கி ஓடினால் போதும்.

கடைசியாக அம்மாவின் ஒத்தடம். கட்டைவிரல் பக்க வலிக்கு இளஞ்சூடு இதமாக இருந்தால் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் மரத்த விரலுக்குச் சூடு சரியாக உறைக்காது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அதனால் தண்ணீரின் சூட்டை வலது கை விரலால் பார்க்காதீர்கள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது முழங்கையை விட்டுப் பார்ப்பீர்களே, அதே போல இடது முழங்கையால் பார்த்துவிட்டு வையுங்கள்.